கிரகணத்தன்று நான் தொழ வைத்தது

சூரியன் வளையல் மாதிரி ஆகப்போகிறது என்று பக்கத்து வீட்டு டீச்சர் சொன்ன நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. டீச்சர் எங்கள் பள்ளிக்கூடத்திலேயே அறிவியல் எடுப்பவர். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய்வந்த கையோடு தெருப் பிள்ளைகளை எல்லாம் தன் வீட்டு வாசலில் கூட்டிவைத்து, ஆரஞ்சுப் பழத்தையும் கோலிக்குண்டையும் காட்டிக் கிரகணத்தை விளக்கினார். சந்திரன் சூரியனுக்கும் நமக்கும் நடுவே வந்து நிற்கும், ஆனால் முழுசாக மறைக்க முடியாது, ஓரம் மட்டும் தீ வளையமாகத் தெரியும் என்றார்.

"உலகத்துல எங்கெங்கேயோ இருந்து இதப் பாக்கக் கன்னியாகுமரிக்கு வாராங்க மக்கா. நமக்கு அது சங்கரங்கோயிலுக்கே தேடி வருது. வீட்டு முற்றத்துல நின்னாப் போதும்."

அதைக் கேட்டதும் சூரியன் ஏதோ பக்கத்து ஊரான கரிவலத்தில் பஸ் ஏறி எங்கள் தெரு முனையில் இறங்கப்போவதைப் போல எனக்குக் கை கால் பரபரத்தது. வெறுங்கண்ணால் பார்க்கக்கூடாது என்பதால் டீச்சர் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடித் துண்டில் கறுப்புத் தாளை ஒட்டி, நடுவில் சின்ன ஓட்டை போட்டு வைத்திருந்தார். அதை வெயிலில் காட்டினால் இருட்டு அறையின் சுவரில் சூரியன் வந்து உட்காரும். அன்றைக்கு என்னைத்தான் முதலில் பார்க்கவிட வேண்டும் என்று நான் முன்கூட்டியே சொல்லி வைத்துவிட்டேன்.

இது ஒரு சந்தோஷம். இன்னொன்று மத்ரஸாவில் கிடைத்தது. சாயங்காலம் பள்ளிவாசலை ஒட்டிய அறையில் எங்களுக்கு ஓதிக் கொடுக்கப் புதிதாக ஓர் ஆலிமா வந்திருந்தார். கல்யாணம் ஆகி ஒரு வருஷம்கூட ஆகாத சின்னப் பெண். கிரகணத்துக்கென்றே ஒரு தொழுகை இருக்கிறது என்று அவர் சொன்னபோது நாங்கள் நம்பவில்லை. ஐந்து நேரத் தொழுகை தெரியும், பெருநாள் தொழுகை தெரியும், மௌத்தானவர்களை அடக்கும் முன் அவர்களுக்காகத் தொழுவது தெரியும். கிரகணத்துக்குமா?

அந்தத் தொழுகையின் அமைப்பு எனக்கு மிகவும் பிடித்துப்போனது. மற்ற தொழுகையில் நின்று ஓதுவோம், ருகூவில் குனிவோம், நிமிர்வோம், பிறகு நெற்றியைத் தரையில் வைத்து ஸஜ்தா செய்வோம். கிரகணத் தொழுகையில் குனிந்து நிமிர்ந்ததும் ஸஜ்தாவுக்குப் போகக்கூடாது. நிமிர்ந்த நிலையிலேயே திரும்பவும் முதலிலிருந்து ஓத வேண்டும். பிறகு இன்னொரு தரம் குனிய வேண்டும். மற்ற நாளில் இப்படிச் செய்தால் ஆலிமாவின் ஸ்கேல் விரல் கணுவில் விழும். அன்றைக்கு மட்டும் அதுதான் சரி. தப்பாகத் தொழுவதே சரியாகிவிடும் ஒரு தொழுகை! பள்ளிக்கூட வராந்தாவில் பழகினேன். பால் பொங்குகிறதா என்று பார்க்க உம்மா என்னை நிறுத்திவிட்டுப் போன இடத்தில் பழகினேன். நான் டிரில் பண்ணுகிறேன் என்றே உம்மா நினைத்துக்கொண்டிருந்தாள்.

வீட்டில் யாருக்கும் அந்தத் தொழுகை தெரியவில்லை என்பதுதான் உச்சம். வாப்பாவிடம் கேட்டேன். பள்ளிவாசலில் இமாம் தொழ வைக்கும்போது பின்னால் நின்று தொழுதுகொள்வேன், தனியாகத் தெரியாது என்றார். உம்மாவுக்குக் கேள்விப்பட்ட ஞாபகம் மட்டும் இருந்தது. எனக்குத் தெரிந்த ஒன்று பெரியவர்களுக்குத் தெரியாமல் இருப்பது அதுவே முதல் தடவை. தரையில் கால் பாவாமல் நடந்தேன்.

எங்கள் வீட்டில் வாப்பாவின் அக்காதான் பெரிய ஆள். எனக்கு மாமி. மாமா இறந்த பிறகு எங்களோடு வந்துவிட்டவர். அரிசி எப்போது உலை வைப்பது என்பதிலிருந்து யார் எப்போது தலைக்குக் குளிப்பது என்பது வரை அவர் சொல்வதுதான். கிரகணம் என்ற சொல்லைக் கேட்டதுமே அவர் செய்த முதல் காரியம், சாச்சியின் அறை ஜன்னலுக்கு அடிக்கக் கோணிச் சாக்கு தேடியது.

சாச்சி என்றால் வாப்பாவின் தம்பியான சாச்சாவின் மனைவி. அப்போது மாசமாக இருந்தாள், வயிறு நன்றாகத் தெரியத் தொடங்கியிருந்தது. மாசமாக இருப்பவள் கிரகணத்தில் வெளியே வரக்கூடாது. கத்தி, கத்தரி, ஊசி எதையும் தொடக்கூடாது. தண்ணீர்கூடக் குடிக்கக்கூடாது. மீறினால் வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கு ஆகாது. தெருவில் எல்லா வீட்டிலும், எல்லா சாதியிலும் சொல்வதுதான் இது. எங்கள் வீட்டில் அதற்குச் சாட்சியும் இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்பு சாச்சிக்கு முதல் பிள்ளை பிறந்தபோதே உயிரில்லை. அந்தப் பிள்ளை வயிற்றில் இருந்தபோது ஒரு சந்திர கிரகணம் வந்ததாகவும், அந்த நேரத்தில் சாச்சி அரிவாள்மனையில் உட்கார்ந்து மீன் நறுக்கியதாகவும் மாமி சொல்வார். ஏசுவதுபோலச் சொல்ல மாட்டார். விலைவாசி ஏறிவிட்டது என்பதைப் போல, நடந்த ஒன்றாகச் சொல்வார். வீட்டுக்கு வருகிறவர்களும் தலையை ஆட்டுவார்கள். அரிவாள்மனையால்தான் பாப்பா போய்விட்டது என்று நானும் நம்பிக்கொண்டிருந்தேன். சாச்சி அதன் பிறகு மீன் நறுக்கவே இல்லை.

கிரகணம் வெள்ளிக்கிழமை வந்தது. பொங்கலுக்கு மறுநாள். பள்ளிக்கூடம் லீவு, தறிக்கூடங்களும் லீவு. எந்நேரமும் தடதடத்துக்கொண்டிருக்கும் விசைத்தறிச் சத்தம் இல்லாததால் ஊரே காதில் பஞ்சு அடைத்ததுபோல இருந்தது. கோயில் நடையைச் சாத்திவிட்டார்கள். பஜார் வெறிச்சோடியது. வாப்பாவும் சாச்சாவும் ஜும்ஆ தொழுகைக்கு வழக்கத்தைவிட முன்னதாகவே கிளம்பினார்கள், பள்ளிவாசலில் கிரகணத் தொழுகையும் உண்டு என்று அறிவித்திருந்தார்கள். அவர்கள் தெருவைத் தாண்டியதும் நான் பின்வாசல் வழியாக டீச்சர் வீட்டுக்கு ஓட எத்தனித்தேன். மாமி என் சடையைப் பிடித்துவிட்டார்.

"எங்கட்டி ஓடுதே? நீ சாச்சிகூட உள்ள இரி. அவ எதையும் தொடாமப் பாத்துக்கணும். கிரகணம் விட்டு நான் கதவத் தொறக்குற வரைக்கும் அசையக்கூடாது."

எனக்கு உலகமே இருண்டது. சூரியனுக்கு முன்னால் எனக்குக் கிரகணம் பிடித்துவிட்டது. அழுதேன், காலை உதைத்தேன். உம்மாவைப் பார்த்தேன். உம்மா மாமியிடம் எதிர்த்துப் பேசி நான் பார்த்ததில்லை.

உள்ளே கோணிச் சாக்கின் இழைகளுக்கு நடுவே மட்டும் கொஞ்சம் வெளிச்சம் வந்துகொண்டிருந்தது. சாச்சி கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். அவளுக்கு இருபத்திரண்டு வயதுக்கு மேல் இராது. என்னோடு பல்லாங்குழி ஆடுவாள், தோற்றால் சண்டை போடுவாள். அன்றைக்குக் கூப்பிட்டாலும் திரும்பவில்லை. வெளியே டீச்சர் வீட்டு வாசலில் பிள்ளைகளின் கூச்சல் கேட்டது. "கடிச்சுட்டு, கடிச்சுட்டு! ஓரத்துல கடிச்சுட்டு!" சூரியனில் முதல் கடி விழுந்துவிட்டது, நான் ஒரு சாக்குத் துணியைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஒன்றரை மணி நேரம் அப்படியே போனது. எப்படியாவது சாச்சியைக் கிளப்பிவிட்டால் நானும் வெளியே போகலாம். என் கையில் இருந்த ஒரே ஆயுதம் ஆலிமா சொன்ன பாடம்தான்.

"சாச்சி, நபிகள் நாயகத்துக்கு ஒரு சின்ன மகன் இருந்தாங்களே, தெரியுமா? இப்ராஹீம்னு பேரு."

நான் விடவில்லை. பால்குடி மறக்காத பிள்ளை. உடம்பு முடியாமல் மடியிலேயே மௌத்தாகிவிட்டது. நாயகத்தின் கண்ணிலிருந்து தண்ணீர் வடிந்தது. அதே நாளில் சூரிய கிரகணம் பிடித்தது. ஊர் ஜனங்கள் எல்லாம், நபியின் பிள்ளை மௌத்தானதால்தான் சூரியனே இருண்டுவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். அது நாயகத்தின் காதுக்குப் போனது. ஆலிமா கையை எப்படி ஆட்டிச் சொன்னாரோ அப்படியே நானும் ஆட்டிச் சொன்னேன். நாயகம் எல்லோரையும் கூட்டி நீண்ட தொழுகை தொழ வைத்துவிட்டு, ஜனங்களிடம் சொன்னார்கள். சூரியனும் சந்திரனும் அல்லாஹ்வின் அத்தாட்சிகள். யாருடைய மௌத்துக்காகவும் யாருடைய பிறப்புக்காகவும் அவற்றுக்குக் கிரகணம் பிடிப்பதில்லை. அதைப் பார்த்தால் தொழுங்கள், கையேந்தி துஆ கேளுங்கள்.

சாச்சி திரும்பிப் படுத்தாள்.

"கடைசில சொன்னியே, அதத் திருப்பிச் சொல்லு."

சொன்னேன்.

"இது ஆலிமா சொன்னதா, நீயா சேத்துக்கிட்டியா?"

"கிதாபப் பாத்து வாசிச்சுக் காட்டுனாங்க சாச்சி. நான் மனப்பாடமா ஒப்பிச்சேன். என்னத்தான் கெட்டிக்காரின்னாங்க."

"இன்னொருக்கச் சொல்லு."

இன்னொரு தரமும் சொன்னேன். அவளுக்கு மனப்பாடம் ஆகவில்லை போலிருக்கிறது என்று நினைத்து மெதுவாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். பிறகு என் காரியத்துக்கு வந்தேன். "பாத்தா உள்ள போயி ஒளியச் சொல்லல சாச்சி. தொழத்தான் சொன்னாங்க. எனக்கு அந்தத் தொழுகை முழுசும் தெரியும்."

சாச்சி கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். பிறகு எழுந்து, மூலையில் இருந்த செம்புத் தண்ணீரில் தொழுகைக்காகக் கை கால் கழுவி ஒளுச் செய்தாள், என்னையும் செய்ய வைத்தாள். முகத்தைக் கழுவியவள் துடைக்கவில்லை. கதவைத் தட்டினாள். உம்மா திறந்தாள். சாச்சி என் கையைப் பிடித்துக்கொண்டு நேரே முற்றத்துக்கு வந்துவிட்டாள்.

வெளியே வெயில் இருந்தது, ஆனால் சூடு இல்லை. மத்தியான வெயிலில் யாரோ தண்ணீர் கலந்துவிட்டதைப் போல ஒரு வெளிச்சம். மாமி அடுப்படி வாசலிலிருந்து ஓடிவந்தார்.

"எங்க வாரே? பைத்தியமா ஒனக்கு? உள்ள போ!"

"தொழப் போறேன் மைனி."

"உள்ள இருந்தே தொழு. உள்ள தொழுதா அல்லாஹ்வுக்குக் கேக்காதா?"

அந்த வாதம் எனக்கே சரியாகப் பட்டது. வளையம் கைநழுவிப் போகிறதே என்ற பதற்றத்தில் நான் குறுக்கே விழுந்தேன். "ஜமாஅத்தா தொழணும் மாமி! அந்த ரூம்ல எல்லாரும் நிக்க எடம் இல்ல!"

மாமி என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. "சின்னப் புள்ள பேச்சக் கேட்டு ஆடுதியே. போன தடவ நான் சொன்னதக் கேட்டிருந்தா..."

"போன தடவையும் அல்லாஹ் நாடுனதுதான் மைனி நடந்துச்சு." சாச்சியின் குரல் உயரவில்லை. "எம்புள்ளைய அரிவாமனை கொண்டுபோகல."

அப்போது உம்மா, மாமியிடம் எதிர்த்தே பேசாத என் உம்மா, உள்ளே போய் முஸல்லாக்களை எடுத்துவந்தாள். டீச்சர் வீட்டு வேப்பமரம் மதிலைத் தாண்டி எங்கள் முற்றத்தில் நிழல் போட்டிருந்த இடத்தில் அவற்றை ஒவ்வொன்றாக விரித்தாள்.

"தெரிஞ்சவதான் தொழ வைக்கணும். நடுவுல வந்து நில்லுட்டி" என்றாள் என்னிடம்.

பெண்கள் கூட்டாகத் தொழும்போது தொழ வைப்பவள் முன்னால் போய் நிற்காமல் வரிசையின் நடுவிலேயே நிற்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் அந்த நடுவில் நான் நிற்பேன் என்று கனவிலும் நினைத்ததில்லை. வலது பக்கம் உம்மா, இடது பக்கம் சாச்சி. மாமி விடுவிடுவென்று உள்ளே போனார். கோபித்துக்கொண்டு போகிறார் என்று நினைத்தேன். தன் வெள்ளைத் துப்பட்டியோடு திரும்பி வந்தார். மாமி வெளியே போகும்போது மட்டும் போர்த்திக்கொள்ளும் கனமான துப்பட்டி அது. அதைச் சாச்சியின் தலையிலிருந்து வயிறு மறையக் கால்வரை சுற்றிவிட்டார். தள்ளிப்போய்த் தூணருகே நின்றுகொண்டார்.

கைகளை உயர்த்தி, "அல்லாஹு அக்பர்" என்றேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது.

சத்தமாக, நீளமாக ஓத வேண்டும். எனக்குத் தெரிந்தவையோ குர்ஆனின் கடைசியில் வரும் சின்ன சூராக்கள்தான். ஒன்றுவிடாமல் எல்லாவற்றையும் வரிசையாக ஓதிவிடுவது என்று முன்பே திட்டம் போட்டிருந்தேன். ஓதினேன், குனிந்தேன், நிமிர்ந்தேன். உம்மா பழக்க தோஷத்தில் ஸஜ்தாவுக்குச் சாயப்போக, நான் திரும்பவும் ஓதத் தொடங்கியதும் சட்டென்று நிமிர்ந்துகொண்டாள். சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். வெளிச்சம் மங்கிக்கொண்டே வந்தது. வேம்பில் கத்திக்கொண்டிருந்த காக்கைகள் ஓய்ந்தன.

ஸஜ்தாவுக்குப் போனபோது அதைப் பார்த்தேன். வேப்பிலை இடுக்குகளின் வழியே தரையில் எப்போதும் பொட்டுப் பொட்டாக விழும் வெயில், அன்றைக்குப் பிறை பிறையாக விழுந்திருந்தது. முஸல்லா முழுக்கப் பிறைகள். என் கை விரல்களில் பிறைகள். நோன்பு முடிகிற அன்று ஒரு பிறையைப் பார்க்க ஊரே மொட்டை மாடியில் ஏறிக் கழுத்து வலிக்கத் தேடும். இங்கே என் மூக்குக்குக் கீழே அள்ளிக்கொள்கிற மாதிரிக் கொட்டிக் கிடந்தன! கத்த வேண்டும்போல இருந்தது. தொழ வைக்கிறவள் கத்தலாமா? நெற்றியைப் பிறைகளின் மேலேயே வைத்தேன்.

தொழுகையின் இரண்டாவது சுற்றான ரக்அத்துக்கு எழுந்து ஓதிக்கொண்டிருந்தபோது மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து டீச்சரின் குரல் வந்தது. "ஏட்டி, எங்க போனே? வளையம் வந்துட்டு, ஓடி வா!"

என் கால் கட்டைவிரல் இரண்டும் தானாகவே மதில் பக்கம் திரும்பின. ஓதுவதை வேகப்படுத்தினேன். குனிந்து நிமிர்ந்து கடைசி நிலைக்கு வந்து, "குல் அஊது பிரப்பில் ஃபலக்" என்று தொடங்கியவள், ஸஜ்தாச் செய்யும் இடத்தைக் குனிந்து பார்த்தேன். பிறைகளைக் காணவில்லை. அவை எல்லாம் வளையங்களாகியிருந்தன. சின்னதும் பெரியதுமாக, ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொண்டு, காற்றில் இலை அசைய அசைய அவையும் அசைந்தன. சாச்சியின் வெள்ளைத் துப்பட்டியில் தோளிலிருந்து வயிறுவரை ஒளி வளையங்கள் ஓடின. டீச்சரின் சுவரில் ஒன்றே ஒன்றைப் பார்க்கத்தானே அத்தனை அழுகையும் அழுதேன். இங்கே எண்ண முடியாத சூரியன்கள்!

வாயில் இருந்த சூரா பறந்துவிட்டது. அடுத்த வரி என்ன? முதல் எழுத்துக்கூட வரவில்லை. திரும்பத் திரும்ப இரண்டாவது வரியையே ஓதினேன். காது சுட்டது.

அப்போது வரிசையின் கோடியிலிருந்து ஒரு குரல் அடுத்த வரியை எடுத்துக்கொடுத்தது. "வமின் ஷர்ரி ஃகாஸிகின் இதா வகப்." இருள் வந்து பரவும்போது அதன் தீங்கிலிருந்தும் காப்பாற்று என்று பொருள் வரும் வரி. மாமியின் குரல். அவர் எப்போது தூணை விட்டு வந்து சாச்சிக்கு அந்தப் பக்கத்தில் நின்றார் என்று எனக்குத் தெரியாது. பிடித்துக்கொண்டு மீதியை ஓதி முடித்தேன். எல்லோரும் சேர்ந்து குனிந்தோம், எல்லோரும் சேர்ந்து வளையங்களின் மேல் நெற்றியை வைத்தோம்.

ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடித்த அடுத்த நொடி நான் எழுந்து குதித்தேன். சாச்சி திரும்பவும் ஸஜ்தாவுக்குப் போய்விட்டாள். "சாச்சி, தொழுகை முடிஞ்சிட்டு!" என்று கத்தினேன். மாமி என் வாயைப் பொத்தினார். அவர் கை ஈரமாக இருந்தது. நான் விடுவித்துக்கொண்டு மதிலில் ஏறி டீச்சரைக் கூப்பிட்டேன். அவர் கண்ணாடித் துண்டைப் போட்டுவிட்டு, பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு எங்கள் வாசல் வழியாக ஓடிவந்தார். வளையங்கள் உடைந்து பிறையாகத் தொடங்கியிருந்தன. டீச்சர் தன் வெள்ளைச் சேலை முந்தானையை விரித்துப் பிடித்துக்கொண்டு மரத்தடியில் நின்று, "கர்த்தாவே, கர்த்தாவே" என்றார். ஒவ்வோர் இலை இடுக்கும் ஓர் ஓட்டைதான், ஒவ்வொன்றும் ஒரு சூரியனைத் தரையில் வரைகிறது என்று சொன்னார். எத்தனையோ வருஷம் பாடம் எடுத்தும் கண்ணால் பார்த்தது இல்லையாம்.

அந்த வயிற்றுப் பிள்ளை வெயில் காலத்தில் பிறந்தான். இன்று என்னைவிட உயரம், பைக் சாவி கேட்டு வீட்டில் தினமும் சண்டை. ஆனால் நான் சொல்லவந்த நாள் அத்தோடு முடியவில்லை.

ஜும்ஆ முடிந்து சாச்சா வந்தார். தறி மெக்கானிக். எவ்வளவு தேய்த்தாலும் நகக்கண்ணில் கறுப்பு போகாத கை. என்னைக் கண்டால் மூக்கைப் பிடித்துத் திருகாமல் போகமாட்டார். சாச்சி அவருக்குச் சோறு போட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டாள்.

"எனக்குச் சொன்னத சாச்சாக்கும் சொல்லு."

கேட்கவா வேண்டும்? கையை ஆட்டி, குரலை ஏற்றி இறக்கி, அந்தச் சின்னப் பிள்ளையின் மௌத்து, நாயகத்தின் கண்ணீர், ஜனங்களின் பேச்சு, தொழுகை, எல்லாவற்றையும் இன்னும் ஜோடித்துச் சொன்னேன். சாச்சா சிரிக்கவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாய்க்குக் கொண்டுபோகவில்லை. நான் முடித்த பிறகு தலையைத் தூக்காமலே கேட்டார்.

"மகன் மௌத்தான அன்னைக்கேவா தொழ வச்சாங்க?"

"ஆமா சாச்சா. அன்னைக்கேதான். ரொம்ப நேரம்."

"அன்னைக்கே" என்றார் சாச்சா, தனக்குள். சாச்சி அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். சோறு ஒட்டியிருந்த அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பாடத்தைச் சரியாகக் கேட்டிருக்கிறேனா என்று சாச்சா சோதித்துப் பார்க்கிறார் என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன். சரியான பதில் சொல்லிவிட்ட பெருமையோடு, அடுத்த கேள்விக்காக அவர்கள் முன்னால் நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தேன்.